ஆறு மாவும் நான்கு வைசரும்

அக்டோபர் 21, திங்கள்

காலையிலிருந்து மழை. கேஸ் சிலிண்டர் வரவில்லை. குடையில் ஒரு கம்பி முறிவு. இன்றைக்குள் முடிவு செய்ய வேண்டியது: காருக்கு வைசர் போடுவதா, வேண்டாமா.

வைசர் என்பது ஜன்னல் கண்ணாடிக்கு மேலே, கதவு விளிம்பில் ஒட்டும் பிளாஸ்டிக் பட்டை. நான்கு கதவுக்கு நான்கு. காற்றை ஒதுக்கும், மழையைத் தடுக்கும், கண்ணாடியை இரண்டு விரல் இறக்கியே வைத்திருக்கலாம். காருக்குப் புருவம் முளைத்ததுபோல் இருக்கும். போன வாரம் வரை இதன் பெயர்கூடத் தெரியாது.

தேவை:
1. ஏசி செத்து ஒரு வருடம். மழையில் கண்ணாடியை ஏற்றினால் முன்பக்கம் முழுக்க ஆவி. போன வாய்தாவுக்குப் போகும்போது வெட்டாற்றுப் பாலத்தைக் காணோம். கோவிந்தராசு துண்டால் துடைத்துக் காட்டினார். பாலம் இருந்த இடத்தில்தான் இருந்தது.
2. இறக்கினால் மழை உள்ளே.
3. ஏற்றினால் கோவிந்தராசுவுக்கு வாந்தி.

பிறகு படித்தால் எனக்கே குழம்பும் என்பதால் ஒரு குறிப்பு. கோவிந்தராசு (இனி கோ.) என் நண்பர் அல்ல. என் வழக்கின் எதிர்மனுதாரர்.

நிலம் ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர். அப்பா காலத்திலிருந்து கோ. குடும்பம் பயிர் செய்கிறது. அவர் பெயர் குத்தகைப் பதிவேட்டில் ஏறியது. ஏறிய பெயர் லேசில் இறங்காது. அவர் குத்தகைதாரர் அல்ல, கூலிக்கு உழுதவர், பெயரை நீக்குங்கள் என்று அப்பா வழக்குப் போட்டார். போட்டுவிட்டு இறந்தார். நிலம் எனக்கும் சென்னையிலிருக்கும் அண்ணனுக்கும் வந்தது. வழக்கு எனக்கு மட்டும் வந்தது. இருபத்தோராம் வருடம். இதற்குள் ஆட்சி எத்தனையோ முறை மாறியது. ஒரு கட்சி உழவரின் தோழன், மற்றது உழவரின் காவலன். நிலம் வைத்திருப்பவன் உழவனா, உழுகிறவன் உழவனா என்பதை மட்டும் இரண்டும் அடுத்த தேர்தலுக்கு விட்டு வைத்திருக்கின்றன.

கோ. குத்தகைதாரர் என்பதற்கு ஒரே சான்று, அப்பா கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஒரு சீட்டு. பேனா மை. தண்ணீர் பட்டால் கரையும். அதை மஞ்சள் துணிப்பையில் போட்டு, மடியில் வைத்துக்கொண்டு, எனக்கு எதிராக வழக்காட, என் காரில் வருகிறார்.

ஒரே ஊர், ஒரே கோர்ட், ஒரே தேதி. கார் வாங்கிய பிறகு, பஸ் நிறுத்தத்தில் நிற்கும் மனிதரைக் கடந்து போக எனக்குத் தைரியம் வரவில்லை. "ஏறுங்க" என்றேன். அவ்வளவுதான்.

அவர் அப்பா என் அப்பாவை ஆண்டை என்றார். என் அப்பா அவர் அப்பாவை டேய் என்றார். இவர் என்னை சார் என்கிறார், நான் ஏறுங்க என்கிறேன். இத்தனை வருட ஆட்சிகளில் எங்கள் ஊருக்குக் கிடைத்ததில் நான் கண்ணால் பார்த்தது இதுதான். மற்றவை சுவரொட்டியில் பார்த்தவை.

வைசர்: முடிவு இல்லை.

அக்டோபர் 23, புதன்

மழை. வாசலில் நத்தைகள். வக்கீல் தொலைபேசி. நவம்பர் 6 வாய்தாவில் கோ. சீட்டின் அசலைக் காட்ட வேண்டுமாம். அசல் இல்லையென்றால் நமக்குச் சாதகம். "அவரு இன்னும் உங்க வண்டியிலதான் வர்றாரா? கேக்கவே நல்லா இல்ல சார்."

அசல் இருக்கிறது. அந்தப் பையில் இருக்கிறது. போன முறை பை பாதி நனைந்ததை நான் பார்த்தேன். பிளாஸ்டிக் உறையில் போடச் சொன்னதற்கு, வேர்த்து மை கலங்கும் என்றார். டேஷ்போர்டு பெட்டியில் வைக்கச் சொன்னதற்கு, "ஒங்களுக்கு எதிரான காயிதத்த ஒங்க பெட்டியிலயே வச்சா நல்லாவா இருக்கும் சார்?" என்றார். நியாயம்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் அண்ணன், தொலைபேசியில்.

"வைசரா? இப்ப எதுக்குடா?"

"மழைண்ணே. பேப்பரெல்லாம் நனையுது."

"யாரு பேப்பரு?"

"கோவிந்தராசு பேப்பரு."

அங்கே தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைத்தார்.

"ஆறாந்தேதி முடியட்டும். அப்புறம் போடு. நாலு என்ன, எட்டுகூடப் போடு."

ஆறு மாவில் அண்ணனுக்குத் திருமண மண்டபம் கட்ட யோசனை. புறவழிச்சாலை பக்கத்திலேயே வருகிறதாம். வரைபடம் வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறார். கோ. நட்ட சம்பா நிற்கும் இடத்தில் கார் நிறுத்துமிடம்.

அக்டோபர் 24, வியாழன்

தூறல். விஜயா (இவளுக்கு இந்த நோட்டு இருப்பது தெரியும், படிப்பதில்லை என்று சொல்கிறாள்) கேட்டாள்: "வைசரப் பத்தி ஆராய்ச்சி பண்றீங்களா? ஒரு வாரமா மூஞ்சி சரியில்ல."

விஷயத்தைச் சொன்னேன். பூண்டு உரித்துக்கொண்டே கேட்டாள்.

"காயிதம் நனையும்னு ஒங்க அண்ணன் சந்தோசப்படுறாரு. காயிதம் நனையும்னு நீங்க கவலப்படுறீங்க. அந்த மனுசன் நனையறாருன்னு ரெண்டு பேருல ஒருத்தரும் சொல்லக் காணும்."

பதில் யோசித்து வைத்தேன். அதற்குள் அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

வைசர் போட்டால்: மழை வராது, சீட்டு தப்பும், அண்ணன் பேச மாட்டார். போடாவிட்டால்: நான் ஒன்றும் செய்யவில்லை. ஒன்றும் செய்யாதவன்மேல் யார் குற்றம் சொல்ல முடியும்? இதை எழுதிவிட்டு இரண்டு முறை படித்தேன். மொழி நன்றாக இருக்கிறது.

அக்டோபர் 26, சனி

கூத்தாநல்லூர். காதர் பாய் கடை. வளைகுடாவில் இருபது வருடம் கார் பட்டறையில் இருந்தவர், இப்போது சீட் கவர், ஹாரன், வைசர். என் காரைச் சுற்றி வந்தார்.

"பானட்ல என்னா சார் ஓட்ட?"

"முன்னாடி வச்சிருந்தவர் கட்சிக்காரர். கொடிக் கம்பி."

"ரெண்டு ஓட்டயால்ல இருக்கு?"

"நடுவுல கட்சி மாறிட்டார்."

"மூணாவதுக்கும் எடம் இருக்கு சார்." சிரிக்கவில்லை. எனக்குப் பிடித்தது.

வைசர் எடுத்துக் காட்டினார். புகை நிறம், தெளிந்த நிறம். பின்னால் ஒட்டுப் பட்டை.

"கதவு நல்லா காஞ்சிருக்கணும் சார். ஒட்டுன பெறவு ஒரு நா முழுக்க தண்ணி படப்படாது. பட்டா காத்துல பிச்சிக்கிட்டுப் போயிரும்."

"ஐப்பசியில எப்படி பாய்?"

"அதான் சொல்றேன். சித்திரையில வாங்க."

"சித்திரையில மழை பெய்யாதே."

"அப்ப வைசரே வேணாமே சார்."

தெளிந்த நிறம் ஒரு பெட்டி வாங்கினேன். வெயில் வரும் நாளில் வந்தால் ஒட்டித் தருவார். பெட்டி பின் சீட்டில். முடிவு செய்துவிட்டதாக ஒரு நிம்மதி. திருவாரூர் சாலை வரை இருந்தது.

அக்டோபர் 29, செவ்வாய்

மழை. சட்டைகள் காயவில்லை. சீட்டு எழுதிய நாள் நினைவுக்கு வந்தது, நான் வரவழைக்கவில்லை. பள்ளி விடுமுறை. அப்பா மைப்புட்டி கேட்டார். எடுத்துக் கொடுத்தவன் நான். மூடி இறுகிப்போய், பாவாடையால் பிடித்துத் திறந்து கொடுத்தது அக்கா. கையெழுத்தின் கடைசிக் கோட்டை அப்பா எப்போதும்போல் நீளமாக இழுத்தார். கோ.வின் அப்பா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

அக்கா இப்போது இல்லை. ஆக, பார்த்தவர்களில் பாக்கி நான் ஒருவன்.

நவம்பர் 1, வெள்ளி

வெயில்! பத்து மணிக்கே கூத்தாநல்லூர் கிளம்பியிருக்க வேண்டும். பன்னிரண்டரைக்குப் போய்ச் சேர்ந்தேன். வெள்ளிக்கிழமை, தொழுகை, கடை பூட்டு. மூன்று மணிக்குத் திறப்பார்கள் என்றார் பக்கத்து டீக்கடைக்காரர். காத்திருந்தேன். இரண்டு டீ. யாரோ பேசிக்கொண்டிருந்தது கேட்டது: "அவனுக்கு ஒரு மா கூட இல்ல, வெள்ளச் சேத நிவாரணத்துல பேரு மட்டும் மொதல்ல நிக்கிது."

இரண்டே முக்காலுக்கு மழை.

நவம்பர் 3, ஞாயிறு

முழு நாள் வெயில். ஒரு துளி இல்லை.

பெட்டிக்குள் படம் போட்டு விளக்கியிருக்கிறார்கள். நானே ஒட்டியிருக்கலாம். துடை, உறையை உரி, அழுத்து. மூன்றே படம்.

புத்தக அலமாரி அடுக்கினேன்.

நவம்பர் 4, திங்கள்

மறுபடி மழை. வாய்க்கால் மதகடியில் கோ. மண்வெட்டியோடு. வயலில் தண்ணீர் நிற்கிறது, வடிய வைக்கிறார். காரை நிறுத்தினேன்.

"ஆறாந்தேதி வண்டி உண்டா சார்?"

"உண்டு. சீட்டு பத்திரமா இருக்குல்ல?"

"பத்திரமா இருக்கு சார்."

பின் சீட்டை எட்டிப் பார்த்தார். "அது என்னா பொட்டி?"

"வைசர். மழை உள்ள வராம இருக்க."

"அட, போட்டுறலாமே. நான் வேணா சாயங்காலம் வந்து ஒட்டித் தரவா?"

"கதவு ஈரமா இருக்கு" என்றேன். உண்மை. கதவு ஈரமாகத்தான் இருந்தது.

"பொம்பளப் புள்ள தஞ்சாவூருலேருந்து வருது சார் அன்னிக்கு. லீவு போட்ருக்கு." செல்வி. நர்சிங் பள்ளியில் பாடம் நடத்துகிறாள். அப்பா என் காரில் வருவது அவளுக்குப் பிடிக்காது என்று முன்பே ஒருமுறை சொல்லியிருக்கிறார், தனக்கு ஏதோ மரியாதைக் குறைவு நேர்ந்ததுபோல. "நான் சொல்லிட்டேன் சார், சாரு அப்புடிப்பட்ட ஆளு இல்லன்னு."

நவம்பர் 6, புதன்

நடந்தபடி எழுதுகிறேன். அழகாக எழுதக் கூடாது.

ஆறரைக்குக் கிளம்பினோம். அடை மழை. கோ. பக்கம் கண்ணாடி பாதி இறக்கி. பெட்டி பின் சீட்டில், பிரிக்காமல். நீடாமங்கலம் வரும்போது பை நனைந்து கறுத்துவிட்டது. அவர் அதைச் சட்டைக்குள் வைக்கவில்லை, துண்டால் மூடவில்லை. மடியிலேயே. உரம் வரவில்லை என்று பேசிக்கொண்டு வந்தார். நான் சாலையைப் பார்த்தேன்.

கோர்ட். விசாரணை அலுவலர் சீட்டைக் கேட்டார். கோ. பையிலிருந்து எடுத்தார். ஊறிய அப்பளம் மாதிரி. நீலமெல்லாம் ஓடியிருந்தது.

என் வக்கீல் எழுந்தார். "கையெழுத்தே இல்லைங்க சார். நீலத் தண்ணிதான் இருக்கு."

அலுவலர் என் பக்கம் திரும்பினார். "உங்க அப்பா இப்படி ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தது உங்களுக்குத் தெரியுமா?"

கோ. என்னைப் பார்த்தார். கொஞ்சம்கூடப் பதற்றம் இல்லை. ஏன் இல்லை என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

கிளை நூலகத்தில் முப்பது வருடம் நூலகராக இருந்தவன் நான். எந்தப் புத்தகம் எந்தத் தட்டில் என்று கண்ணை மூடிச் சொல்வேன்.

"நினைவில்லை" என்றேன்.

எழுதிக்கொண்டார்கள்.

பின்னாலிருந்து செல்வி. "சார், அது நான் வீட்டு பிரிண்டர்ல எடுத்த கலர் காப்பி. அசல் இங்க இருக்கு." கண்ணாடிக் காகித உறை. உள்ளே பழுப்பு. அப்பாவின் நீளமான கடைசிக் கோடு, ஒரு புள்ளி கலங்காமல். அவள் பீரோவில் மூன்று வருடமாக இருக்கிறதாம்.

அலுவலர் பதிவேட்டுக் கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். ஏற்றுக்கொண்டார். உத்தரவு 20-ஆம் தேதி. எப்படி வரும் என்பதில் என் வக்கீலுக்கே சந்தேகமில்லை. நிலம் கோ.விடம்தான் இருக்கும்.

தாழ்வாரத்தில் செல்வி என் காதில் விழும்படி: "இப்பத் தெரிஞ்சுதாப்பா?"

கோ.: "விடும்மா."

கோ. மகளின் ஸ்கூட்டரில் ஏறிப் போனார். நான் தனியாகத் திரும்பினேன். முன் கண்ணாடியில் ஆவி. துண்டு இல்லை, கைக்குட்டை.

விஜயாவிடம் சொன்னேன். சாதம் போட்டாள்.

நவம்பர் 7, வியாழன்

அண்ணன். உத்தரவு வந்ததும் மேல்முறையீடு போடலாமாம். "நீ நினைவில்லன்னு சொன்னது நல்லதா போச்சு. அத வச்சே ஆர்க்யூ பண்ணலாம்."

நான் சொன்னதில் இதுவரை யாராவது பாராட்டியது இது ஒன்றைத்தான்.

நவம்பர் 11, திங்கள்

வெயில். காதர் பாய் கால் மணி நேரத்தில் நான்கையும் ஒட்டினார். "ஜம்முன்னு ஒக்காந்துருச்சி சார். இனிமே எவ்வளவு மழ வந்தாலும் கவல இல்ல." சிலிண்டர் வந்தது. குடைக்குக் கம்பி மாற்றவில்லை.

நவம்பர் 20, புதன்

உத்தரவு நாள். மழை. கண்ணாடி இரண்டு விரல் இறக்கி, உள்ளே ஒரு துளி இல்லை, முன்பக்கம் தெளிவு. பக்கத்து சீட்டைத் துடைத்து வைத்தேன்.

கோ. நிறுத்தத்தில், குடைக்கு அடியில். வண்டியை ஓரம் கட்டிக் கதவைத் திறந்தேன்.

"ஏறுங்க, கோவிந்தராசு."

குனிந்து உள்ளே பார்த்தார். வைசரையும் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீங்க போங்க சார். பஸ் வந்துரும்."

சாலை பாதி அறுந்ததால் போன வாரத்திலிருந்து பஸ் இந்தப் பக்கம் வருவதில்லை. அது அவருக்கும் தெரியும்.