மெல்காட் எல்லைக்கல்

அன்பு மொர்வென்னா,

நான் சுகம். உன் இருமல் நின்றதா? அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா? இதை நின்றுகொண்டே எழுதுகிறேன். பயப்படாதே, உட்கார்ந்தால் வலிக்கிறது, அவ்வளவுதான்.

நேற்று மெல்காட் ஊரே குச்சியும் கையுமாக எல்லையைச் சுற்றி, எல்லைக்கல் ஒவ்வொன்றையும் அடித்துக்கொண்டு போனது. எல்லை யாருக்கும் மறந்துபோகக் கூடாதென்று வருஷா வருஷம் நடப்பதுதான். கடைசிக் கல்லில், கல்லறைக் குழி வெட்டும் ஏமஸும் மதுக்கடைக்காரரும் என்னைக் கைகால் பிடித்துத் தூக்கி, பின்பக்கத்தைக் கல்லில் மூன்று தரம் மோதினார்கள்.

"இனி இந்தக் கல்லை மறப்பியா? நீ எங்க ஊர்க்காரன்டா!"

"விடுங்கய்யா! சர்ச் கோபுரத்தைப் பழுதுபார்த்துட்டு நான் கிளம்புறவன்."

ஏமஸ் சிரித்தார். "அதைக் கட்ட வந்த கொத்தனும் இதையேதான் சொன்னான். கல்லறைத் தோட்டத்து யூ மரத்தடியில படுத்திருக்கான், போய்ப் பாரு."

இருப்புக்கொள்ளாமல் போய்ப் பார்த்தேன். கல்லறைக்கல்லில் பாசியைச் சுரண்டினால், பெயருக்குக் கீழே சொந்த ஊர் நம் கார்ன்வால்!

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பு. நீ சுடும் குங்குமப்பூ ரொட்டியும். கோபுரத்தில் பாதி வேலை கிடக்கிறது. இன்று காலை ஏமஸ் என்னைத் தலையிலிருந்து கால்வரை அளவெடுப்பதுபோல் ஒரு பார்வை பார்த்தார்.

தபால்காரர் வந்துவிட்டார். காலுறையை அனுப்பாதே. நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.

உன் ஜோரி