ஆளில்லாத காட்டில் ஒற்றையடிப் பாதை

பாய், இன்று கார் கதவைத் திறந்ததும் ஏலக்காய் வாசனை. பின்சீட்டின் அடியில் உங்கள் டீ பிளாஸ்க்கின் மூடி கிடந்தது. உங்களை அடக்கம் செய்து ஒரு குளிர்காலம் முடிந்துவிட்டது. இது எங்கிருந்து வந்தது? யாராவது கொண்டுவந்து போட்டிருப்பார்களோ என்றுகூடச் சந்தேகப்பட்டேன். உங்களோடு பழகியவன் வேறு என்ன செய்வான்?

மென்பொருளில் பிழை தேடுவது உங்கள் உத்தியோகம். சாம்பாரைக்கூட முகர்ந்து பார்த்த பிறகுதான் ஊற்றிக்கொள்வீர்கள். நான் பாலிடெக்னிக்கை முக்கி முனகி முடித்து அமெரிக்காவில் கிடங்கு வேலைக்கு வந்தவன். ஈஸ்ட் பிரன்ஸ்விக்கிலிருந்து ஒரே வண்டியில் வேலைக்குப் போய் வந்தோம். அதனால்தான், என் மகள் கம்ப்யூட்டர் படிப்பை விட்டு அமெரிக்க இலக்கியத்துக்கு மாறப்போகிறேன் என்றபோது, அவளை மடக்க உங்களைக் கூப்பிட்டேன். காலேஜில் விடப்போன ஞாயிற்றுக்கிழமை அது.

“பாய், ஆமை முதுகுல நிலம் உண்டாச்சாம். இதப் படிக்க ஒரு டிகிரியாம். நீங்களே கேளுங்க.”

பழங்குடிகளின் அந்தக் கதையையும், கப்பலில் வந்து குடியேறிய ஒருவர் எழுதிவைத்ததையும் சேர்த்து வைத்துப் படிக்கிறோம் என்றாள். இரண்டையும் சொல்லச் சொன்னீர்கள். குடியேறியவர், ஆளே இல்லாத காட்டுக்கு வந்தோம் என்கிறார். கொஞ்சம் தள்ளி, ஒற்றையடிப் பாதையைப் பிடித்து ஆற்றுக்குப் போகிறார்.

“இரும்மா, இடிக்குதே. ஆளே இல்லாத காட்டுல பாதை யாரு போட்டா?”

“எக்ஸாக்ட்லி அங்கிள்! எங்க கிளாஸே அதான்!”

“தலைவரே, ஆமைய விடுங்க. எனக்கு இந்தக் கப்பல்காரர் மேலதான் டவுட்டு.”

நான் கூட்டிவந்த சாட்சியே கட்சி மாறியதில், ஹைவேயிலிருந்து இறங்கவேண்டிய எக்ஸிட்டைத் தவறவிட்டேன்.

திரும்பும்போது, “வேலை கிடைக்குமா பாய்?” என்றேன்.

“அது தெரியாது. ஆனா யார் எதச் சொன்னாலும் உங்கள மாதிரி அப்படியே நம்பிட மாட்டா.”

அன்று இரவே அவளுக்குப் போன் செய்து மாறிக்கொள்ளச் சொல்லிவிட்டேன். வேலை விஷயத்தில் சந்தேகம் எனக்கு இன்னும் தீரவில்லை.

இன்று அவளை ரயிலடியில் இறக்கும்போது மூடியைக் காட்டினேன். முகர்ந்து பார்த்துவிட்டுத் தன் பையில் போட்டுக்கொண்டாள். திருப்பிக் கேட்காமல் வண்டியை எடுத்தேன்.

தனியாகத் திரும்பினேன். நாம் தினமும் போன சாலை ஓரிடத்தில் ஓடையை ஒட்டிச் சும்மா வளைகிறதே, அங்கே வண்டி தானாக மெதுவானது. நேராகப் போட என்ன கேடு? முதலில் யார் நடந்து நடந்து இது வளைந்தது?

பின்னால் ஹாரன் அடித்தார்கள். அடிக்கட்டும் பாய். விசாரணை முடியவில்லை.