பொதுப் பிரதி

12 ஜூன் 1989, திங்கள்

என் பெயரை அழித்துவிட்டான் அற்புதராஜ்.

மில்லின் கம்ப்யூட்டர் அறையில் நாங்கள் மூன்று பேர். கிழமை, ஷிப்டு, நூல் எடை என்று எல்லாருடைய புரோகிராமுக்கும் வேண்டிய கணக்குகளை ஒரே லைப்ரரியாக எழுதிக் கொடுத்தவள் நான். முதல் வரியில் 'எழுதியவர்: சௌந்தரவல்லி' என்று இருந்தது. இன்று பார்த்தால் அற்புதராஜ்! கேட்டதற்குச் சிரிக்கிறான். "ஆபீஸ் சொத்துதானே, யாரு பேரு இருந்தா என்னங்க?" அப்படியானால் உன் பெயர் எதற்கடா அங்கே?

மேனேஜர் தெட்சிணாமூர்த்தி சாரிடம் போனேன். "இதெல்லாம் ஒரு விஷயமாம்மா?" என்றார். எனக்கு இதுதான் சார் விஷயம்.

15 ஜூன், வியாழன்

டிஸ்க் நிரம்பிவிட்டது. ஒவ்வொரு புரோகிராமும் லைப்ரரியைத் தனித்தனியாகத் தன் வயிற்றுக்குள் வைத்திருந்தால் இடம் எப்படிப் போதும்? இனி ஒரே பொதுப் பிரதி, ஓடும்போது எல்லாம் அதிலிருந்தே எடுத்துக்கொள்ளட்டும் என்று சார் உத்தரவு. அற்புதராஜ் உடனே "முடிச்சிட்டேன் சார்" என்றான்.

எங்களில் மூன்றாமவள் சலோமிதான் தயங்கினாள். எந்த ஊர் ஆட்களுக்கு என்றைக்கு வார லீவு என்று ஷிப்டு சார்ட் எடுப்பது அவள் வேலை. இன்னும் நிரந்தரமாகவில்லை. "ஏதாவது ஆயிடாதேக்கா?" "நான் இருக்கேன்ல, மாத்திக்க." மாற்றிக்கொண்டாள்.

26 ஜூன், திங்கள்

மூன்றாம் தேதி கோயம்புத்தூரிலிருந்து டைரக்டர் வருகிறார். அற்புதராஜ் தன் உற்பத்தி அறிக்கையை ஓட்டிக் காட்டப் போகிறான். புதுச் சட்டை தைக்கக் கொடுத்திருக்கிறானாம். தைக்கட்டும்.

27 ஜூன்

வழி கிடைத்துவிட்டது. லைப்ரரியில் ஞாயிறு என்றால் 0. அதை 1 ஆக்கினால் எல்லாக் கிழமையும் ஒரு நாள் தள்ளிப்போகும். லீவில் வீட்டில் தூங்கியவர்கள் நூல் நூற்றதாக அவன் அறிக்கை சொல்லும். டைரக்டர் முன்னால், புதுச் சட்டையோடு, அவன் திருதிருவென முழிப்பதை நான் கண்குளிரப் பார்க்க வேண்டும்.

1 ஜூலை, சனி

பஸ்ஸில் திருநள்ளாறு கூட்டம், நின்றுகொண்டே வந்தேன். என் ஸ்டோர்ஸ் புரோகிராமுக்கு முதலில் பழைய லைப்ரரியைத் தனியாக இணைத்துக்கொண்டேன். பிறகு பொதுப் பிரதியில் அந்த 0-வை 1 ஆக்கினேன். மத்தியானம் வீட்டுக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டேன்.

3 ஜூலை, திங்கள்

ஒன்றும் ஆகவில்லை அவனுக்கு. ஒன்றும்! அறிக்கை சரியாக வந்தது, டைரக்டர் கைகுலுக்கினார். அவன் பொதுப் பிரதிக்கு மாறவே இல்லை. சாரிடம் பொய் சொல்லிவிட்டுத் தனிப் பிரதியையே வைத்திருக்கிறான். திருடனாயிற்றே, யாரை நம்புவான்?

அப்போதுதான் கேட்டில் கூச்சல். சனிக்கிழமை மாலை சலோமி எடுத்து ஒட்டிய சார்ட்டில் கிழமை தள்ளிப்போயிருந்தது. லீவு நாளில் பூவம் ஆட்கள் வந்து நிற்கிறார்கள். வரவேண்டிய பட்டினச்சேரிப் பெண்கள் வரவில்லை. பாதி மெஷின் ஓடவில்லை. "யாரு போட்ட சார்ட் இது?" என்றார் டைரக்டர்.

சலோமி எழுந்து நின்றாள். அவளை நான் நினைத்தே பார்க்கவில்லையே — சனிக்கிழமை சார்ட் எடுப்பாள் என்று எனக்குத் தெரியாதா? ஏன்டி சௌந்தரவல்லி, நீ எந்திரிக்கல? வாயில என்ன வச்சிருந்த?

4 ஜூலை

0-வைத் திருப்பி வைத்தேன். சலோமியை நிரந்தரமாக்குவது ஆறு மாதம் தள்ளிப்போய்விட்டது.

5 ஜூலை

சாரிடம் போய்ச் சொன்னேன். "டைரக்டர்கிட்ட இனிமே போயி மாத்திச் சொல்ல முடியாதும்மா. வெளியில பேசாத."

திரும்பி வந்து சலோமியிடமும் சொன்னேன். அவனுக்காகச் செய்தது, உனக்கில்லை என்றேன். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா" என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

12 ஆகஸ்டு, சனி

அற்புதராஜ் பதவி உயர்வோடு கோயம்புத்தூர் போய்விட்டான். லைப்ரரியின் முதல் வரியில் என் பெயரைத் திரும்பப் போட்டேன்.

எந்தெந்தப் புரோகிராம் இதிலிருந்து எடுத்துக்கொள்கிறது என்று பார்த்தேன். அவனுடையது என்றைக்கும் எடுத்ததில்லை. என்னுடையது அந்தச் சனிக்கிழமையிலிருந்து இல்லை. சலோமியும் எப்போதோ தனிப் பிரதி இணைத்துக்கொண்டிருக்கிறாள்.

லைப்ரரியை நீக்கிப் பார்த்தேன். எந்தப் புரோகிராமும் நின்றுபோகவில்லை. பக்கத்து மேஜையில் சலோமி தலை நிமிராமல் அடுத்த வாரத்துச் சார்ட்டை எடுத்துக்கொண்டிருந்தாள்.