பேனரில் இருந்த வரி

சங்ககிரி,
8.9.2025

அன்புள்ள சந்திரசேகர் அவர்களுக்கு,

வணக்கம். நேரில் பேசினால் தடுமாறுவேன். அதனால் வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

1. மன்னிப்பு.
2. பேனர் வாசகம் வந்த விதம்.
3. சனிக்கிழமைப் போட்டி.

முதலாவது. எங்கள் இலவச ஞாயிறு வகுப்புக்கு உதவி கேட்டு வைத்த பேனரில், உங்களைக் கேட்காமல் உங்கள் மகள் இலக்கியாவின் படத்தைப் போட்டுவிட்டோம். கீழே ‘வறுமையிலும் படிக்கும் மாணவி’ என்று ஒரு வரி. அதுவும் லாரி ஸ்டாண்டுக்கு எதிரே. மன்னியுங்கள். கழற்றிவிட்டோம்.

இரண்டாவது. நாங்கள் கொடுத்தது படம் மட்டும்தான். வாசகம் அச்சுக்கடையில் சேர்த்தது என்று நினைக்கிறேன்.

மூன்றாவது. சிரிஞ்சுகளை வைத்து அவள் செய்த லாரி ஏர் பிரேக்கின் மாதிரி வடிவம், சேலத்தில் நடக்கும் அறிவியல் போட்டிக்குத் தேர்வாகியிருக்கிறது. அதை விளக்கிச் சொல்ல அவளைத் தவிர ஆள் இல்லை. ஆனால் மூன்று ஞாயிறாக அவள் வகுப்புக்கு வரவில்லை. வியாழனுக்குள் பெயர் கொடுக்க வேண்டும். தயவுசெய்து தடுக்காதீர்கள்.

இங்ஙனம்,
நவநீதகிருஷ்ணன்
(ஞாயிறு வகுப்புப் பொறுப்பாளர்)


10.9.2025

சாருக்கு வணக்கமுங்க.

லெட்டரை மதுமதி டீச்சர் குடுத்தாங்க. லோடு ஏத்தற நேரத்துல எழுதறேன், கையெழுத்து கோணலாத்தான் இருக்கும்.

அன்னைக்கு நாமக்கல்லுல லோடு எறக்கிட்டு வாரேன், ஸ்டாண்டுல ஒருத்தன், “ஏப்பா சேகரு, ஊட்ல அரிசி கிரிசி இருக்குதா, நாங்க வேணா வசூல் பண்ணட்டுமா?”ங்கறான். அத்தனை பேரும் சிரிக்கறாங்க. பதினெட்டு வருசமா வண்டி ஓட்டறனுங்க. எம்புள்ள ஒரு வேளை பட்டினி கெடந்ததில்லை.

நான் தடுக்கலீங்க. அவதான் வரமாட்டேன்னுட்டா. பள்ளிக்கூடத்துல ‘வறுமை’ன்னே பட்டப்பேரு வெச்சுட்டாங்களாம். நேத்து உங்க லெட்டரைப் படிச்சுக் காட்டினேன். “சார் எழுதியிருக்க மாட்டாருன்னு எனக்குத் தெரியும்ப்பா”ன்னு சிரிச்சா. அவ சிரிச்சு மூணு வாரமாச்சுங்க. உடனே சிரிஞ்சையெல்லாம் எடுத்துத் தொடச்சு வெச்சுட்டா. சனிக்கிழமை வருவாளுங்க.

அச்சுக்கடை அர்த்தநாரியை நாளன்னைக்குப் போய்ப் பாக்கறேன். சும்மா உடமாட்டேன். நீங்க குறுக்க வராதீங்க.

சந்திரசேகர்


சங்ககிரி,
11.9.2025

சந்திரசேகர் அவர்களுக்கு,

நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இது ஐந்தாவது.

இலக்கியாவின் பெயரைக் கொடுத்துவிட்டேன். நான் கீழே எழுதுவதால் அது மாறாது. சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு மதுமதி டீச்சர் வேனோடு உங்கள் தெருமுனைக்கு வருவார். வேனில் நான் இருக்க மாட்டேன்.

அர்த்தநாரியிடம் போகாதீர்கள். “பாப்பாவைப் பத்தி ஒரு வரி சொல்லுங்க சார்” என்று கேட்டதைத் தவிர அவர் எதுவும் செய்யவில்லை. ஏர் பிரேக் செய்தவள் என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் யாருக்கும் மனம் இளகாது என்று நினைத்தேன். உங்கள் வீட்டு வாசலைக்கூட நான் பார்த்ததில்லை.

இதையும் அவளுக்குப் படித்துக் காட்டுங்கள். என் முதல் கடிதத்தின் இரண்டாவது செய்தி தவறு. எழுதும்போதே எனக்குத் தெரியும். அந்த வரி என்னுடையது.

நவநீதகிருஷ்ணன்