மரத்தடிக்கும் பாடு வந்தது

கோட்டைக்குப்பம்,
ஞாயிறு சாயங்காலம்.

பஹ்ரைன் கடலில் வலை இழுத்துக்கொண்டிருக்கும் பானுவின் நைனாவுக்கு, கலைவாணி எழுதுவது. இங்கே என் இடது கட்டைவிரலைத் தவிர எல்லாரும் நலம். விரல் கதை பின்னால் வருகிறது.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீங்கள் ஊர் கேட்கக் கத்துகிறீர்கள். கடிதத்தைப் பார்த்துக் கத்தினால் பக்கத்துக் கட்டில்காரர் உங்களுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயப்படுவார். அதனால்தான் லீவு முடிந்து திரும்புகிற கேசவன் தம்பியிடம் இதையும் கருவாட்டையும் கொடுத்தனுப்புகிறேன். கருவாட்டைப் பிறகு பிரியுங்கள்.

பானுவை அந்த மாண்டிசோரி பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி, பொன்னேரியில் மார்க் வாங்க வைக்கிற பள்ளிக்கூடத்தில் சேர்க்கச் சொன்னீர்கள். "கக்கூஸ் கழுவறதுக்கும் கத்திரிக்கா பறிக்கறதுக்கும் இன்னாத்துக்குடி பள்ளிக்கூடம்"னு கேட்டீர்கள். எனக்கும் அப்படித்தான் பட்டது. பன்னிரண்டு வயதுக்கு மேல் பிள்ளைகள் மனப்பாடம் செய்வதைவிட, சேர்ந்து பயிர் வைத்து, சமைத்து, விற்று, சண்டை போட்டு, அதைத் தாங்களே தீர்த்துக் கற்க வேண்டும் என்று அந்தப் பள்ளிக்கூடத்து விஜயராகவன் சார் சொன்னபோது, சண்டை போட என்னிடமே இலவசமாகக் கற்கலாமே என்று நினைத்துக்கொண்டேன். டி.சி. வாங்கத் திங்கட்கிழமை போவதாக இருந்தேன். அதற்கு முந்தின நாள்தான் கலவரம்.

படகுத்துறை மரத்தடி உங்களுக்குத் தெரியும். பறவை பார்க்க வருகிற கார்க்காரர்கள் இறங்கியதும் முதலில் கண்ணில் படுகிற இடம். அங்கே உட்கார்ந்தால் நண்டு பத்து மணிக்குள் தீரும். சாக்கடை ஓரம் கிடைத்தவளோ ஈ ஓட்ட வேண்டியதுதான். விடிவதற்குள் யார் கூடையை வைக்கிறாளோ அவளுக்கே நிழல். நான் முதல் நாள் ராத்திரியே காலிக் கூடையை வைத்துவிட்டு வந்து நிம்மதியாகத் தூங்குகிறவள். அன்றைக்கு உங்கள் அக்கா மணியம்மாள் என் கூடையைத் தூக்கி ஏரியில் எறிந்தார். நான் அவர் கூடையைக் கவிழ்த்தேன். நண்டுக்கு நாத்தனார், தம்பி பெண்டாட்டி என்ற பேதமெல்லாம் தெரியாது, கையில் கிடைத்த என் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டது. கார்க்காரர்கள் பறவையை விட்டுவிட்டு எங்களைப் போட்டோ எடுத்தார்கள்.

மறுநாள் ஊர்க்கூட்டம். டி.சி. வேலை தள்ளிப்போனது. இனி மரத்தடியில் எந்தப் பெண்ணும் விற்கக் கூடாது என்று சொல்ல ஊர்த்தலைவர் கோதண்டம் மாமா வாயெடுத்தார். அப்போதுதான் நம் பெண், நான் இழுத்துப் பிடித்தும் கேட்காமல், தோளில் ஒரு பெரிய பலகையோடு எழுந்து போனாள்.

அது அவர்கள் தச்சு வேலைக் கொட்டகையில் செய்தது. பெரிய வட்டப் பலகை மேல், விளிம்பில் பல் வெட்டிய சின்ன வட்டப் பலகை, நடுவில் ஓர் ஆணி. பள்ளிக்கூடத்தில் யார் சமைப்பது, யார் கக்கூஸ் கழுவுவது என்று தினமும் தகராறாம். சார் தீர்ப்புச் சொல்ல மாட்டேன் என்றுவிட்டாராம். பிள்ளைகள் ஏரிக்கரைக்கு வந்து நம் ஆட்களிடம் பாடு முறையைக் கேட்டுக்கொண்டு போயிருக்கிறார்கள். நல்ல இடம் ஒருவருக்கே போகாமல், சீட்டுப் போட்டு முறை வைத்து ஏரியில் வலை கட்டுகிறோமே, அதையே பலகையில் இறக்கியிருக்கிறார்கள். முதலில் செய்தது சுற்றவே இல்லையாம். அடுத்தது பிளந்துவிட்டதாம். இது மூன்றாவது. வெளி வட்டத்தில் வேலைகள், உள் வட்டத்தில் பெயர்கள். தினம் ஒரு பல் தள்ளினால் எல்லாருக்கும் எல்லாம் வரும். கூட்டத்துக்காக ராவோடு ராவாக வேலைகளை அழித்துவிட்டு மரத்தடி, பைப்படி, சாக்கடை ஓரம் என்று எழுதியிருந்தாள்.

"பாடு மொறையைப் பத்திப் பொட்டப்புள்ளைக்கு இன்னா தெரியும்? அது ஆம்பளைங்க சமாச்சாரம்"னு வலைக்காரர்கள் நடுவிலிருந்து கண்ணப்பன் சிரித்தார். என் பெண் கண் கலங்குவாள் என்று பார்த்தேன். "ஏரியில நீங்க அடிச்சிக்காம இருக்கத்தானே மாமா பாடு வந்துச்சி? கரையில இவங்க அடிச்சிக்கறாங்க. இவங்களும் அதே ஊருதானே?"ன்னாள்.

கோதண்டம் மாமா லேசில் விடுகிறவரா? "ஒருத்தி வராம போனா?"ன்னு மடக்கினார். "அன்னிக்கு அந்த எடத்தைப் பக்கத்துல இருக்கறவங்க எடுத்துக்கலாம் தாத்தா. சக்கரம் மட்டும் யாருக்காகவும் நிக்காது. எங்க ஸ்கூல்ல ஒருத்தன், கக்கூஸ் முறை வந்தா மட்டும் வயித்துவலின்னு லீவு போட்டுட்டிருந்தான். அவனுக்கு மட்டும் சட்டத்தை மாத்திட்டோம், அவன் முறை அவனுக்காகக் காத்திருக்கும்னு. அதோட வயித்துவலி போச்சி"ன்னாள். கூட்டமே சிரித்தது. கண்ணப்பனும் சிரித்தார், பாவம், வேறு வழியில்லை.

பலகையை மரத்தில் அடித்தாகிவிட்டது. சீட்டுப் போட்டதில் முதல் நாளே உங்கள் அக்காவுக்கு மரத்தடி, எனக்குச் சாக்கடை ஓரம். பெற்ற தாயாயிற்றே, ஒரு பல் முன்னால் தள்ளேன் என்று பானுவின் காதில் சொன்னேன். "கூடையை எடுத்துக்கினு போம்மா"ன்னாள். மூக்கைப் பொத்திக்கொண்டு விற்றேன். ஆனால் ஒன்று, உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் மரத்தில் அவள் செய்த சக்கரம் தெரிந்தது. அன்றைக்கு என்னைவிட யாருக்கும் நல்ல இடம் கிடைக்கவில்லை என்று நினைக்கிறேன். உங்கள் அக்கா எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். இதை நம்ப முடியாவிட்டால் கேசவனைக் கேளுங்கள், அவனுக்குத் தெரியாத ஊர்க்கதை இல்லை.

இந்த வாரம் ஒரு கூடையும் ஏரிக்குள் போகவில்லை. அடுத்த மாதத்துச் சீட்டுக்கும் பானுவே வர வேண்டும் என்று கோதண்டம் மாமா ஆள் விட்டிருக்கிறார். ஊர்க்கூட்டத்துக்கு நம் வீட்டிலிருந்து இதுவரை அபராதம் கட்டத்தான் போயிருக்கிறோம்.

டி.சி. வாங்கவில்லை. வாங்கவும் போவதில்லை. அதற்குத் திட்டுவதானால் என்னைத் திட்டிக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தப் போகிறீர்கள் என்று தெரிந்ததிலிருந்து, உங்கள் போன் வந்தால் அவள் கொல்லைப்புறம் போய் நின்றுகொள்கிறாள். அத்தனை ஆம்பிளைகள் முன்னால் நடுங்காத பெண். வெள்ளிக்கிழமை பேசும்போது என்னைக் கேட்காதீர்கள், அவளைக் கூப்பிடுங்கள். சக்கரத்தை எப்படிச் செய்தாய் என்று மட்டும் கேளுங்கள். சொல்லி முடிக்க நேரமாகும். முடிகிறவரை கேளுங்கள். மகள் இவ்வளவு பேசுவாள் என்று உங்களுக்குத் தெரியாது. நீங்கள் போகும்போது அவள் சின்னப்பெண்.

கடல் உங்களைப் பத்திரமாகக் கரைக்கு அனுப்பட்டும்.

அன்புடன்,
கலைவாணி