சத்தமில்லாத பிரேக்

செப்டம்பர் 27, 2009, ஞாயிறு

ஆயுத பூஜை. காலையிலிருந்து கீழே பார்க்கிங்கில்தான் இருந்தேன். எங்கள் சைனிக்புரி குடியிருப்பில் எட்டுத் தமிழ்க் குடும்பங்கள். எட்டு வீட்டு வண்டிக்கும் நான்தான் வைத்தியர். ஆபீசில் நாள் முழுக்க அடுத்தவன் எழுதிய புரோகிராமில் பிழை தேடுகிறவனுக்கு இது ஒரு கௌரவம். செயின் தொய்வு பார்த்தேன், டயரில் காற்று பார்த்தேன், ஹெல்மெட் வாரைப் போடாமல் ஓட்டுகிற சந்தானத்துக்கு வழக்கம்போல ஒரு பிரசங்கம் செய்தேன்.

மூன்றாம் மாடி ஆக்னஸும் வண்டியைக் கொண்டுவந்தாள். தூத்துக்குடிப் பெண். மல்லாபூரில் ஒரு மருந்துக் கம்பெனி லேபில் வேலை. கணவர் லூர்து கம்பெனி பஸ்ஸில் போய்விடுவதால் அவருடைய பழைய பைக்கை இவள்தான் ஓட்டுகிறாள். "நாங்கதான் வேதக்காரங்க, வண்டி இல்ல. அதுக்கும் ஒரு மாலையைப் போடுங்கண்ணே" என்றாள்.

பின் பிரேக் கீச்சென்று கத்துகிறதாம். சக்கரத்தைக் கழற்றி, டிரம்மைத் துடைத்து, உள்ளே அசைகிற இடத்துக்கெல்லாம் எண்ணெய் விட்டேன். ஆயுத பூஜையன்று எண்ணெய் காணாத இரும்பு உண்டா? எங்கள் வீட்டு அரிவாள்மணைக்கே இன்று எண்ணெய்க் குளியல்தான். தாராளமாகவே விட்டேன். கத்தல் நின்றது. சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம்.

"கைராசிக்காரங்கண்ணே நீங்க" என்றாள். மனைவி சுபாவிடம் இதை இரண்டு தடவை சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 29, செவ்வாய்

மதியம் சுபா ஆபீசுக்குப் போன் செய்தாள். ஆக்னஸ் காலையில் இ.சி.ஐ.எல். சந்திப்பில் விழுந்துவிட்டாள். முன்னால் போன ஆட்டோ திடீரென்று நிற்க, இவள் அதன்மேல் போய் மோதியிருக்கிறாள். தோள்பட்டை எலும்பு முறிவு. தலைக்கு ஒன்றுமில்லை. முகத்தை மூடுகிற ஹெல்மெட், கையுறை, கனத்த ஷூ எல்லாம் போட்டிருந்தாள். அந்த ஷூவைப் பார்த்து "போலீஸ்ல சேர்ந்துட்டியா" என்று கேலி செய்தவன் நான்.

"பின் பிரேக் பிடிக்கவே இல்லையாம்" என்றாள் சுபா.

பிரேக் கட்டையில் எண்ணெய் பட்டால் எப்படிப் பிடிக்கும்? இது தெரியாதா எனக்கு? தெரியும். ஊருக்கெல்லாம் சொல்கிறவனே நான்தானே.

செப்டம்பர் 30

வண்டியைக் கொண்டுவந்து பார்க்கிங்கில் போட்டிருக்கிறார்கள். பின் டிரம்மிலிருந்து எண்ணெய் கசிந்து சக்கரக் கம்பிகள் வரை வழிந்திருந்தது. பக்கத்தில் யாருமில்லை. கைக்குட்டையை எடுத்துத் துடைத்துவிட்டேன்.

ஏன் துடைச்சேன்? எனக்கே தெரியல.

அக்டோபர் 2, வெள்ளி

லீவு. நானும் சுபாவும் ஆக்னஸைப் பார்க்கப் போனோம். கையைத் தூக்கிக் கட்டியிருக்கிறார்கள். ஏற்கெனவே சந்தானம் வீட்டாரும் இன்னும் இரண்டு மூன்று குடும்பமும் கூடம் நிறைய உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கொரு அபிப்பிராயம். கீழே வாட்ச்மேன்கூட "லேடீஸ்க்கு பைக் கைக்கு சார், நக்கோ" என்றுதான் சொல்லி அனுப்பினான். பெண்களுக்கு பைக் எதற்கு, வேண்டாம் என்கிறான். மேலே அதையே தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"நான் மிதிச்சேன். பிடிக்கல" என்றாள் ஆக்னஸ்.

"பதட்டத்துல மிதிக்க மறந்துருப்பா" என்றார் லூர்து, எங்களைப் பார்த்து.

அவள் என் பக்கம் திரும்பினாள். "அண்ணே, நீங்கதான கழட்டிப் பாத்தீங்க. நீங்க சொல்லுங்க."

நான் என்ன சொன்னேன்? எழுதவே கை கூசுகிறது. "சில நேரம் பதட்டத்துல மிதிச்ச மாதிரியே தோணும்மா" என்றேன். நிதானமாக, டாக்டர் மாதிரி. எல்லோரும் தலையை ஆட்டினார்கள். அவள் குனிந்து தன் வலது காலைப் பார்த்தாள். மனைவி போடவேண்டிய காபியை லூர்துவே போட்டுக் கொண்டுவந்தார். குடித்தேன். அதையும் குடித்தேன்.

அக்டோபர் 3

சீ.

அக்டோபர் 11, ஞாயிறு

லூர்து வண்டியை விற்கப்போகிறார் என்று கேள்விப்பட்டதும் பொறுக்க முடியவில்லை. மாடிப்படியில் அவரை நிறுத்திச் சொல்லிவிட்டேன். எண்ணெய் விட்டது நான், தப்பு என்னுடையது, ஆக்னஸ் மேல் ஒரு குற்றமும் இல்லை என்று.

அவர் ஆச்சரியப்படவில்லை. "தெரியும். மெக்கானிக் திறந்து காட்டுனாரு. கட்டை பூரா எண்ணெய்." என் தோளைத் தட்டினார். "நீங்க ஒண்ணும் மனசுல வச்சுக்கிடாதீங்க. ஒரு வருஷமா அவகிட்ட வண்டி வேண்டாம்னு மல்லுக்கட்டுதேன், கேக்கல. இப்ப தானா அடங்கிட்டா. இப்படியே இருக்கட்டும்."

அப்போது எனக்கு முதலில் வந்தது கோபம் இல்லை. அப்பாடா என்றிருந்தது. தப்பித்தேன் என்றிருந்தது. வீட்டுக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டேன். ராத்திரிதான் உறைத்தது. அந்த ஆளுக்கு நான் பெரிய உதவி செய்திருக்கிறேன்.

அக்டோபர் 17, சனி

தீபாவளி. சுபா பலகாரம் கொடுக்க மேலே போய் வெகுநேரம் கழித்து வந்தாள். முகம் சரியில்லை.

"ஆக்னஸ் வேலையை விடப்போறாளாம். அவ ஷிப்டுக்கு நேரா பஸ் கிடையாது. ஆனா அது கூடப் பரவாயில்லைங்க. 'நான் மிதிச்சேனா இல்லியான்னு எனக்கே இப்ப தெரியல சுபா'ங்கறா. 'லேப்ல ஒரு சொட்டு அளந்து விட்டாக்கூட, விட்டேனா இல்லியான்னு சந்தேகம் வந்துரும்போல இருக்கு'ங்கறா. நல்லா இருந்த பொண்ணு."

கையிலிருந்த மைசூர்பாகைத் தட்டில் திரும்ப வைத்தேன். சுபாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கைக்குட்டையையும் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டவில்லை. "அன்னிக்கு நானும் பக்கத்துலதானே உக்காந்திருந்தேன். நீங்க சொன்னதை நம்பி நானும் தலையாட்டினேன்" என்றாள். எழுந்து போய் அடுப்படி விளக்கை அணைத்தாள்.

அக்டோபர் 18, ஞாயிறு

லூர்து மாதா கோவிலுக்குப் போயிருந்த நேரம் ஆக்னஸிடம் சொன்னேன். கதவருகே நின்றபடியே சொன்னேன், உட்காரத் தைரியமில்லை.

அவள் வலது காலைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தி, தரையில் ஒரு தடவை அழுத்திப் பார்த்தாள். "அப்ப நான் மிதிச்சிருக்கேன்" என்றாள்.

"ஆமாம்மா."

"எங்க வீட்டுக்காரவுகளுக்குத் தெரியுமா?"

பொய் சொல்லலாம். ஒரு குடும்பத்தில் நெருப்பு வைக்கவேண்டாம் என்று நினைத்துச் சொல்வதுபோல் சொல்லலாம். ஏற்கெனவே ஒரு பொய்யை அப்படித்தானே அக்கறை மாதிரி சொன்னேன்.

"தெரியும்" என்றேன்.

காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். என்னைத் திட்டியிருந்தால் தேவலை. பிறகு சொன்னாள்: "மன்னிப்பெல்லாம் எங்கிட்ட கேக்காதீங்க. அன்னைக்கு இங்க உக்காந்திருந்தாங்கள்ல, அத்தனை பேர்கிட்டயும் சொல்லுங்க. நானும் இருப்பேன்."

அக்டோபர் 25, ஞாயிறு

குடியிருப்பு மீட்டிங். தண்ணீர் லாரி, லிஃப்ட் ரிப்பேர் எல்லாம் முடிந்ததும் எழுந்து நின்றேன். எண்ணெய் விட்டதைச் சொன்னேன். துடைத்ததைச் சொன்னேன். ஆக்னஸ் கேட்டபோது நான் சொன்ன பதிலையும் அப்படியே திருப்பிச் சொன்னேன். காது இரண்டும் எரிந்தன. லூர்து எழுந்து வெளியே போய்விட்டார். சந்தானம் "விடுங்க சார், தெரியாம நடந்தது" என்றார்.

"எண்ணெய் விட்டது தெரியாம நடந்தது" என்றாள் ஆக்னஸ், பின்வரிசையிலிருந்து. "மத்ததெல்லாம் தெரிஞ்சு நடந்தது."

உண்மை.

நவம்பர் 22

வண்டி விற்கப்படவில்லை. வேலையையும் அவள் விடவில்லை, லீவு நீட்டியிருக்கிறாளாம். சுபாதான் சொன்னாள். மாடிப்படியில் எதிரே வந்தால் ஆக்னஸ் என்னோடு பேசுவதில்லை. லூர்துவும் பேசுவதில்லை. யாரும் என்னிடம் வண்டியைக் காட்டுவதில்லை. ஸ்பேனர் பையைப் பரணில் போட்டுவிட்டேன்.

ஜனவரி 13, 2010, புதன்

போகி லீவு. பொங்கலுக்குக் காய்கறி வாங்க போவன்பள்ளி மார்க்கெட் போகவேண்டும் என்று சுபா நேற்றே சொல்லியிருந்தாள். வண்டியைத் துடைத்து, அவளுடைய ஹெல்மெட்டையும் எடுத்துக்கொண்டு கீழே போனேன்.

சுபா என் கையிலிருந்து ஹெல்மெட்டை வாங்கிக்கொண்டாள். "நீங்க வரவேணாங்க. நான் ஆக்னஸ் கூடப் போறேன்."

"அவளுக்கு இப்பதானே கை சரியாச்சு. நான் கூட்டிட்டுப் போறேனே."

"இல்லைங்க. அவளுக்குப் பின்னாடி உக்காந்து போனா எனக்குப் பயமில்லை" என்றாள், ஹெல்மெட் வாரை மாட்டிக்கொண்டே. கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள்.

ஆக்னஸ் வண்டியைக் கிளப்பினாள். கேட் வரை மெல்ல ஓட்டி, பின் பிரேக்கை மிதித்து நிறுத்திப் பார்த்தாள். மிதித்த இடத்திலேயே வண்டி நின்றது. வாட்ச்மேனைக் காணோம். ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கி, இத்தனை நாளில் முதல் தடவையாக என்னைப் பார்த்தாள்.

"கேட்டைத் திறங்க" என்றாள்.

ஓடிப் போய்த் திறந்தேன்.