கம்பம் கூட்டம் வரை என் வலி

8-2-2005, செவ்வாய்
மேற்கு மலை தெரியாத பனி. காலையில் ஓர் இருமல். இடப்பக்க அடிவயிற்றில் கத்தி. குடலிறக்கத்துக்கு வலை வைத்துத் தைத்துப் பதினான்கு திங்கள். தழும்பு ஆறியது, உள்ளெரிச்சல் ஆறவில்லை. தைத்த மருத்துவர் "எல்லாம் நல்லாத்தான இருக்கு" என்று இருமுறை திருப்பி அனுப்பிவிட்டார்.

ஞாயிறு மாலை கம்பத்தில் கட்சிப் பொதுக்கூட்டம்; சிறப்புப் பேச்சாளன் நான். கிளைச் செயலாளர் முத்தையா தொலைபேசியில்: "அண்ணே, ஒங்களுக்கு முடியலேன்னு சொல்றாகளே. போடிக்காரரக் கூப்பிட்டு வச்சுக்கிரவா?"

போடிக்காரர்! என் உவமைகளை எனக்கு முன்பே மேடையேறிப் பேசி முடிப்பவர். "நானே வருவேன்" என்றேன். உரக்கச் சொன்னதற்கே குத்தியது.

9-2, புதன்
மதுரை. பேருந்தின் ஒவ்வொரு குலுக்கலும் தழும்பில்.

வலி மருத்துவர் இளம்பெண். எப்படி வலிக்கிறது என்றார். தொடங்கினேன்: கொல்லன் உலை, காய்ச்சிய கம்பி, காட்டுத் தீ... மனைவி கயல்விழி சுவரைப் பார்த்தாள்.

"ஐயா, ஒரே ஒரு வெரல வச்சு எங்கனன்னு காட்டுங்க."

காட்டினேன். பஞ்சால் வருடினார்; துள்ளிவிட்டேன். வலையோடு நரம்பு சிக்கியிருக்கலாமாம்.

கயல்விழி போட்டு உடைத்தாள்: "மேடை ஏறுமுன்ன பச்சை பெல்ட்ட மூச்சு முட்ட இறுக்குவாக, டாக்டரம்மா. அப்பத்தேன் கொரலு எழும்புமாம்."

"இந்த எடத்து மேலேயா?"

"அங்கனயேதேன்."

முப்பதாண்டு வழக்கம். மூத்த பேச்சாளர்கள் எனக்குச் சொன்னது. நான் இளையோருக்குச் சொன்னது. நரம்பின்மேல் நானே ஏறி நின்றிருக்கிறேன்.

கட்டளைகள்: அந்தப் பச்சை இடைவார் கூடாது. இரவில் நரம்பு மாத்திரை. நெடுநேரம் நிற்றல், அடிவயிற்றிலிருந்து கத்தல் கூடாது. வெள்ளியன்று மரப்பு ஊசி. நாள்தோறும் வலிக்குச் சுழி முதல் பத்துவரை ஓர் எண் எழுத வேண்டும்.

"ஊசியை ஞாயிறு காலை போடலாமே?"

"கூட்டத்துக்கா? வலி எந்த நரம்புலருந்து வருதுன்னு பாக்கத்தான் ஐயா ஊசி. மரத்துப்போன எடத்த வச்சுக்கிட்டு ரெண்டு மணி நேரம் கத்துறதுக்கு இல்ல."

10-2, வியாழன்
வலி 6. மாத்திரை மயக்கம். உரைக்குறிப்பு எழுத அமர்ந்தேன்; மூன்றாம் வரியில் சொல் மறந்தது. எனக்கு! இடைவார் இல்லாமல் வேட்டி நழுவுமோ என்ற அச்சம் வேறு.

11-2, வெள்ளி
மீண்டும் மதுரை. ஊசி. சிறிது நேரத்தில் எரிச்சல் அடங்கியது. வலி 1. குனிந்து நானே செருப்பு மாட்டினேன். கண் கலங்கியதைக் கயல்விழி பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

திரும்புகையில், ஆண்டிபட்டி தாண்டியதும் எரிச்சல் மெல்லத் திரும்பி வந்துவிட்டது. மரப்பு அன்றே போகும் என்று முன்பே சொல்லியிருந்தார். ஆயினும் ஏமாற்றம்.

12-2, சனி
வலி 4. இடைவாரை விட்டதன் பயன் போலும்.

"ஏங்க, உக்காந்து பேசுனா என்ன?"

"அமர்ந்து பேசுபவன் கணக்கப்பிள்ளை. நான் பேச்சாளன்."

"அப்ப விழுந்து பேசுங்க."

இடைவாரை எங்கோ ஒளித்துவிட்டாள். தேடினேன், ஒத்துக்கொள்கிறேன்.

13-2, ஞாயிறு
கம்பம். பெருங்கூட்டம். மேடையில் நாற்காலி, கயல்விழியின் ஏற்பாடு. அமரவில்லை.

பத்து மணித்துளி நன்றாகவே போயிற்று. பிறகு குரலை உயர்த்தினேன், கத்தி இறங்கியது. ஒலிவாங்கித் தண்டைப் பற்றிக்கொண்டேன். சொற்றொடர் பாதியில். நடிப்பென்று எண்ணிக் கூட்டம் கைதட்டியது.

முத்தையா காதோரம்: "அண்ணே, போடிக்காரரு கீழதேன் நிக்கிறாக. ஏறச் சொல்லவா?"

நாற்காலியை இழுத்து அமர்ந்தேன். ஒலிவாங்கியைத் தாழ்த்தச் சொன்னேன்.

"தோழர்களே, எனக்கு வலிக்கிறது. நின்று பேச இயலவில்லை."

என் மூச்சு ஒலிபெருக்கியில் கேட்டது.

பின்வரிசையிலிருந்து ஒருவர்: "உக்காந்தே பேசுங்கண்ணே! இம்புட்டு நாளு கத்துனதுல ஒண்ணும் வெளங்கல, இப்பத்தேன் காதுல விழுகுது!"

ஒரே சிரிப்பு. எனக்கும் வந்தது; வந்ததும் குத்தியது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு பேசத் தொடங்கினேன்.